கிணற்றடிக்கு வரவேண்டிய விளையாட்டு

யாழ் குடாநாட்டுப் பாடசாலைக் கண்காட்சிகளிலும் கணினிப் போட்டிகளிலும் மாணவர் செய்து வைக்கும் ‘சமூக நல’ விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. திரையின் மேலிருந்து பிளாஸ்ரிக் போத்தல்கள் விழும்; கீழே கூடையை அசைத்து ஏந்த வேண்டும். அல்லது சிரட்டைத் தண்ணீரிலிருந்து நுளம்பு கிளம்பும். தட்டினால் பத்துப் புள்ளி. முடிவில் ‘சூழலைக் காப்போம்’ என்று பச்சை எழுத்து ஒளிரும். நடுவர்கள் கைதட்டுவார்கள், சான்றிதழ் கிடைக்கும், மடிகணினி மூடப்படும். அதன்பிறகு அந்த விளையாட்டை யாரும் ஆடுவதில்லை. செய்த பிள்ளையும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விடும்.

பிள்ளைகளின் திறமையில் குறை சொல்வதற்கில்லை. யாழ் ஐரி ஹப் என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பு 2012இல் ‘யாழ் கீக் சலஞ்ச்’ போட்டியைத் தொடங்கிய காலத்திலிருந்து, நிரல் எழுதத் தெரிந்த ஒரு தலைமுறையே இங்கு வளர்ந்துவிட்டது. குறை பெரியவர்களிடம் இருக்கிறது. எதைச் செய்யச் சொல்கிறோம், செய்து முடித்ததை என்ன செய்கிறோம் என்ற இரண்டிலும் நாம் தவறுகிறோம். போத்தல் பொறுக்கும் விளையாட்டுக்குப் பரிசு கொடுத்தது போதும். குடாநாட்டின் நிலத்தடி நீரை விளையாட்டாக்கும் வேலையை மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதை வகுப்பறைகளுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் கொண்டுசேர்க்கும் பொறுப்பை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வடமாகாணக் கல்வித் திணைக்களமும் ஏற்க வேண்டும்.

ஏன் நிலத்தடி நீர்? குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரைத்தான். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தங்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப்பார்க்கும். இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஒன்பதாம் தரப் பிள்ளைக்கு அது பாடமாக்க வேண்டிய இன்னொரு குறிப்பு. விளையாட்டில் தானே மோட்டரை ஓடவிட்டு, நான்கு சுற்றில் வெங்காயத்தில் நல்ல காசு பார்த்து, ஐந்தாம் சுற்றில் தன் கிணற்றோடு அயல் வளவுக் கிணறும் சவர்த்துப்போவதைக் கண்ட பிள்ளைக்கு அது மறக்காது. அந்த அயல் வளவுக்காரர் பக்கத்து வாங்கில் இருக்கும் சிநேகிதனாக இருந்தால் சண்டையே வரும். வரட்டும், பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடம்பே ஓர் எல்லை போட்டது. மண்ணெண்ணெய் இயந்திரமும் பிறகு மின்மோட்டரும் அந்த எல்லையை எடுத்துவிட்டன. ஆனாலும் பகிர்ந்து இறைக்கும் ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. வலிகாமத்துப் பழைய காணி உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் பரப்போடு சேர்த்து, கிணற்றில் இத்தனை பங்கு, வழி வாய்க்காலில் இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். பங்காளிகள் முறை வைத்து இறைத்தார்கள். முறை தவறினால் வழக்குப் போட்டார்கள். கிணற்றுக்குப் பங்கு பிரித்த சமூகம், எல்லாக் கிணறுகளுக்கும் அடியில் ஒன்றாகக் கிடக்கும் நீருக்குப் பங்கு பிரிக்கவில்லை. எமது மாணவரின் விளையாட்டு கையிலெடுக்க வேண்டிய சிக்கல் இதுதான்.

இது வெறும் ஆசையல்ல. அண்டை நாட்டில் நடந்து பார்த்த காரியம். ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரூத் மெயின்சன்-டிக்கும் அவரது குழுவினரும், அங்கு வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து விவசாயிகளை ஒரு நிலத்தடி நீர் விளையாட்டு ஆட வைத்தார்கள். ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த நீர் குடிக்கும் பயிரா, அதிக நீர் குடித்து அதிக வருமானம் தரும் பயிரா என்று தெரிவு செய்ய வேண்டும். எல்லாருடைய தெரிவும் சேர்ந்து பொது நீர்மட்டத்தை இறக்கும். முதலில் ஒருவரோடொருவர் பேசாமல் ஆடினார்கள், பிறகு பேசி ஆடினார்கள். 2018இல் வெளியான ஆய்வின் முடிவு கவனிக்கத்தக்கது. அதே தொண்டு நிறுவனம் வேலை செய்தும் விளையாட்டு ஆடாத கிராமங்களைவிட, ஆடிய கிராமங்களே நீர்க்கணக்குப் பதிவேடு வைக்கவும் நீர்ப் பாவனைக்கு விதிகள் போடவும் கூடுதலாக முன்வந்தன. விளையாட்டு தனியே நீரைக் காக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏற்கெனவே அங்கு ஓர் அமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. விளையாட்டு அதற்குக் கைகொடுத்தது.

எமது ஊருக்கு அந்த விளையாட்டை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. புகையிலை, சின்ன வெங்காயம், மிளகாய், வாழை என்று இங்குள்ள பயிர்களும், இங்குள்ள சந்தை விலையும், மாரி பொய்த்த வருடமும் அதற்குள் வரவேண்டும். அதற்கு மாணவன் கணினி அறையை விட்டு வெளியே வரவேண்டும். நீர்வேலியிலோ இணுவிலிலோ ஒரு தோட்டத்து வரம்பில் நின்று, “அண்ணை, வெங்காயத்துக்கு எத்தினை நாளுக்கு ஒருக்கா இறைக்கிறியள்? பக்கத்துத் தோட்டத்து மோட்டர் ஓடேக்கை உங்கட கிணறு இறங்குதோ?” என்று கேட்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் விடையில் விளையாட்டின் பாதி விதிகள் இருக்கும். மீதியை விவசாயப் போதனாசிரியரிடமும் நீர் ஆய்வாளரிடமும் கேட்கலாம்.

விதிகளை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? நம் வீடுகளில் விடுமுறைக்கு விரிக்கும் மொனொப்பொலியின் கதையைப் பாருங்கள். எலிசபெத் மகி என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலவுடைமையாளர் விளையாட்டு’ அதன் மூலம். ஒரு சிலர் நிலத்தைக் குவித்தால் மற்றவர்கள் எப்படி ஒட்டாண்டியாவார்கள் என்று காட்டவே அவர் அதைச் செய்தார். செல்வம் எல்லாருக்கும் பரவும் இன்னொரு விதித்தொகுதியையும் அதற்கென எழுதியிருந்தார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 500 டொலருக்கு அவரது விளையாட்டின் உரிமையை வாங்கிக்கொண்டது. சந்தையில் நிலைத்ததோ மற்றவரை ஒட்டாண்டியாக்கி வெல்லும் ஆட்டம் மட்டும். பெட்டியின் மேல் எழுதும் நல்ல வாசகத்தை ஆடுபவர் படிப்பதில்லை. எதைச் செய்தால் புள்ளி கிடைக்கிறது என்பதைத்தான் படிக்கிறார். நுளம்பைத் தட்டிப் புள்ளி எடுத்த பிள்ளை விரைவாகத் தட்டக் கற்றுக்கொள்கிறது. வளவுச் சிரட்டை கவிழ்க்கப்படாமலே கிடக்கிறது.

சமூக நல விளையாட்டுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எல்லாப் பழியையும் சாதாரண மனிதனின் தலையில் போட்டுவிடும். குடாநாட்டு நீர் கெட்டது கமக்காரர் அளவுக்கு மிஞ்சி இறைத்ததாலும் உரம் போட்டதாலும் மட்டுமா? கிணற்று நீரில் நைத்திரேற்று கூடிய பிரச்சினையில் உரத்துக்கும் கிணற்றை அண்டிய மலகூடக் குழிகளுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது அதற்கு எந்தத் தோட்டக்காரரும் காரணமல்ல. அது தொடர்பான வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம், அங்கிருந்த மின்னிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே விளையாட்டுப் பலகையில் தொழிற்சாலையும் இருக்கட்டும், அனுமதி கொடுக்கும் அதிகாரியும் இருக்கட்டும், வழக்குப் போடும் குடிமகனும் இருக்கட்டும். அதிகாரிகளுக்கு இது பிடிக்காமல் போகலாம். அதற்காக அந்தப் பாத்திரங்களை வெட்டச் சொன்னால் மாணவர் இணங்கக்கூடாது.

‘ஏற்கெனவே பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள், அதற்குள் பாடசாலையே கேம் கொடுப்பதா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆந்திராவில் விவசாயிகள் வட்டமாக உட்கார்ந்து ஆடியதுபோல் இதையும் மட்டையில் அச்சிட்டு, புளியங்கொட்டையை நீராக வைத்து ஆடலாம். கணினி வடிவம் உயர்வகுப்புக்கு இருக்கட்டும். பரீட்சைக்கு இது வருமா என்ற கேள்விக்கு எமது பதில்: வரவேண்டாம். புள்ளி போட்ட மறுநாளே ரியூட்டரிகளில் ‘நிலத்தடி நீர் விளையாட்டு, மாதிரி வினாவிடை’ அச்சாகிவிடும்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறையும் விவசாய பீடமும் புவியியற்றுறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இறுதியாண்டுச் செயற்றிட்டங்களில் இதை வருடா வருடம் கைமாற்றி வளர்க்கலாம். இன்றைய வழக்கப்படி கட்டி நூலகத்தில் அடுக்கினால் அது அங்கேயே முடிந்துவிடும். நீர் தொடர்பான திணைக்களங்கள் தம்மிடமுள்ள கிணற்று அளவீடுகளை மாணவருக்குத் தயங்காமல் கொடுக்கலாம். போட்டி நடத்துவோர் பரிசின் பாதியை அன்று கொடுத்து, மறுபாதியை ஒரு தவணை கழித்து, எந்தப் பாடசாலையில் யார் ஆடினார்கள், எங்கே சலிப்படைந்தார்கள், எந்த விதியை மாற்றினீர்கள் என்று கேட்டபின் கொடுக்கலாம். வலயக் கல்விப் பணிப்பாளர்கள் எட்டாம், ஒன்பதாம் தரங்களில் மாதம் ஒரு பாடவேளையை ஒதுக்கலாம். மட்டை அச்சடிக்கும் செலவுக்கு வெளிநாட்டு உதவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பரிசளிப்பு விழாவுக்கான மாலை, பொன்னாடை, கேடயம், மண்டப வாடகை எல்லாவற்றையும் கூட்டிப்பார்த்தால் போதும்.