பொம்மையின் கழுத்தில் பச்சை

2011-இல் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் கழுத்திலும் கையிலும் பச்சை குத்திய பார்பி பொம்மையை வெளியிட்டபோது பெற்றோர் பலர் கொதித்தெழுந்தனர். அது சிறுமியருக்கன்று, சேகரிப்போருக்கென 50 டாலர் விலையில் வந்தது என்பது வேறு கதை. எதன்மீது அச்சீற்றம்? வெறும் மையின்மீது! எகிப்தின் கோப்து கிறிஸ்தவர் தலைமுறை தலைமுறையாக மணிக்கட்டில் சிலுவையைப் பச்சை குத்திக்கொள்கின்றனர். லேவியர் 19-ஆம் அதிகாரத்தைக் காட்டி அவர்களைப் பழிக்கத் துணிவோமா?

1959 முதல் அதே பொம்மை, எப்பெண்ணுக்கும் வாய்க்கவியலாத சிற்றிடையோடு சிறுமியரின் கைகளில் தவழ்ந்தது. கடவுளின் சாயலாகப் படைக்கப்பெற்ற தன் உடலைக் குறையுடையதென ஒரு சிறுமி எண்ணத் தொடங்குவது மையினாலா, அவ்விடையினாலா? அதனைப் பிறந்தநாள் பரிசாக வாங்கித் தந்தவர்களும் பெற்றோர்தாமே! பருத்தும் குறுகியும் நெடிதாயும் வேறு உடலமைப்புகள் பார்பிக்கு வாய்த்தது 2016-இல்தான். 57 ஆண்டுகள் கழித்து.