உங்கள் வீட்டுக் கணக்கு என்ன?



“எங்க வீட்டுல எதுவும் வீணாகாது.” யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கையோ, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நாளொன்றுக்கு 150 கிராம். நாலு பேர் உள்ள வீடென்றால் அரைக் கிலோவைத் தாண்டிவிடும்.

இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. அந்த 55 கிலோவில் நேற்றைய சாம்பாரோடு முட்டை ஓடு, மீன் முள், மாங்கொட்டை எல்லாமே சேர்த்தி. முட்டை ஓட்டை யாராலும் மிச்சம் பிடிக்க முடியாதே! பிரிட்டனின் ‘ராப்’ அமைப்பு இதனால்தான் குப்பையைப் பிரித்துப் பார்த்தது: தவிர்த்திருக்கக் கூடியது, தவிர்க்க முடியாதது, இரண்டுக்கும் நடுவே சிலர் உண்டு, சிலர் எறிவது. வம்பெல்லாம் அந்த நடு வகையில்தான். அங்கே உருளைக்கிழங்குத் தோல் என்றால் இங்கே பீர்க்கங்காய்த் தோல். துவையல் அரைக்கிற வீட்டில் அது உணவு, பக்கத்து வீட்டில் குப்பை. தட்டோரம் ஒதுக்கிய கறிவேப்பிலை? தவிர்த்திருக்கலாம் என்பதே என் கட்சி. வீட்டில் அதற்கு ஆதரவில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைத்தால் ஐ.நா. கணக்கில் அது வீண் இல்லை. மாடித்தோட்ட உரத் தொட்டியில் போட்டால் வீண். உரம் போடுகிறவர்கள் கோபிக்க வேண்டாம். உணவுச் சங்கிலியை விட்டு வெளியேறியதா என்பதுதான் அங்கே அளவுகோல்.

சரி, எப்படி அளப்பது? வாயால் கேட்டால் உண்மை வராது என்று நிரூபித்தவர் வில்லியம் ராத்ஜே. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர். 1973இல் டூசான் நகர வீடுகளின் குப்பைப் பைகளைத் தம் மாணவர்களைக் கொண்டு பிரித்து, வகைவகையாக எடை போடத் தொடங்கினார். அந்த ஆண்டு அங்கே மாட்டிறைச்சிக்குத் தட்டுப்பாடு. அப்படியானால் வீணாவது குறைந்திருக்க வேண்டும். குப்பையிலோ வழக்கத்தைவிட அதிக இறைச்சி! கிடைத்தபோதே வாங்கிக் குவித்து, பாதுகாக்கத் தெரியாமல் கெடவிட்டிருந்தார்கள். அன்றாடம் சாப்பிடுவது குறைவாகவும், எப்போதாவது ஆசைக்கு வாங்குவது அதிகமாகவும் வீணாகிறது என்பதையும் அவர் கண்டார். நம் வீட்டு இட்லி மாவு தீர்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வாடுவது சமையல் வீடியோ பார்த்து வாங்கிய புரொக்கோலி.

குப்பை வாளிக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது: சிங்க்கில் ஊற்றிய ரசமும் மோரும்.

ஒரு வேண்டுகோள். இந்த இதழ் கைக்கு வந்ததும் ஒரு வாரம் அளந்து பாருங்களேன். மக்கும் குப்பை வாளியை அப்படியே நிறுத்தால் சாமிக்குப் போட்ட பூவும் எடையில் ஏறிவிடும். ஆகவே வீணாகும் உணவுக்குத் தனியாக ஒரு பாத்திரம் வையுங்கள். தோல், கொட்டை, எலும்புக்கு இன்னொன்று. சிங்க்கில் கொட்டப் போவதை முதலில் ஒரு சொம்பில் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். இரவில் எடையைக் குறித்துவிட்டால் போதும். வீட்டில் எத்தனை பேர், விருந்தாளி வந்தார்களா என்பதோடு அந்தக் கணக்கை எங்களுக்கு அனுப்புங்கள். கறிவேப்பிலையை எந்தப் பாத்திரத்தில் போட்டீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்