பழைய வண்டிக்குப் புதுக் கிக்கர் தேவைதானா?



மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. கிளட்ச் கவர் கழற்றச் சொன்னால் கழற்றுவேன். அதனால், நம் கல்லூரி வண்டி ஸ்டாண்டில் தினமும் காலையிலும் மாலையிலும் நடக்கிற ஒரு விவாதத்தைப் பற்றி எழுதுகிறேன். செல்ஃப் மட்டும் உள்ள பழைய வண்டியில் தனியாகக் காசு செலவழித்துக் கிக்கர் வைக்கலாமா, கூடாதா?

"வைக்கணும்டா, கண்டிப்பா வைக்கணும்" என்று ஸ்டாண்டில் அதிகம் கத்தியவன் நான்தான் என்பது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணமும் இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு 22 கிலோமீட்டர். என் வண்டி 2011 மாடல், 200 சிசி, கார்புரேட்டர் வண்டி. நான் மூன்றாவது ஓனர். கம்பெனி பெயர் வேண்டாம், வண்டியின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அதில் கிக்கர் கிடையாது. போன செமஸ்டர் பிராக்டிகல் அன்று காலை, ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் நனைந்து நின்ற வண்டியில் பட்டனை அழுத்தினேன். "டிக்" என்று ஒரு சத்தம். திரும்ப அழுத்தினால் இன்னொரு "டிக்". மூன்றாம் முறை அதுவும் இல்லை, மீட்டர் விளக்கே அணைந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுத் தெரு முனை வரை தள்ளச் சொன்னேன். இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டால் வண்டி ஒரு முறை உலுக்கி நின்றது. நாலாவது முயற்சியில் அந்தத் தம்பி சேற்றில் வழுக்கி முட்டி தேய விழுந்தான். அவன் அம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. கடைசியில் லாரி ஒன்றில் ஏறி, 25 நிமிஷம் தாமதமாக லேபுக்குள் போனேன். எக்ஸ்டர்னல் நல்ல மனுஷர், உள்ளே விட்டார். விடாமல் இருந்திருந்தால் ஒரு அரியர். ஒரு அரியர் என்றால் இந்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அந்த வேலையை நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மகளிர் குழுவில் எடுத்து வைத்திருந்த ஆறாயிரம் ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார். "காலையில வண்டி நிக்கக்கூடாதுப்பா, அவ்ளோதான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்தில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறிப் புதுப்பேட்டை போனேன். பழைய உதிரி பாகத்துக்கு அந்தத் தெருக்களை விட்டால் வேறு எங்கே போவது? என் வண்டியின் தம்பியான சின்ன இன்ஜின் வண்டியில் கிக்கர் உண்டு. அதன் கிளட்ச் கவர், கிக்கர் ஷாஃப்ட், ஸ்பிரிங், இடைப் பல்சக்கரம், மிதி, எல்லாம் சேர்த்துக் கடைக்காரர் ஒரு விலை சொன்னார், நான் ஒரு விலை சொன்னேன். "தம்பி, இதை மாட்டினா அப்படியே உக்காந்துக்கும்" என்றார். பணத்தை எடுக்கக் கை பாக்கெட்டுக்குப் போய்விட்டது. அப்போது கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான மெக்கானிக் கேட்டார்: "உன் கிரேங்க் கேஸ்ல ஷாஃப்ட் உக்கார ஓட்டை இருக்கா, பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. மூன்று வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறேன்!

கிக்கர் என்பது வெளியே தெரியும் அந்த மிதி மட்டும் அல்ல. மிதித்தால் ஷாஃப்டில் உள்ள ராட்செட் பல் பிடிக்கிறது. இடைப் பல்சக்கரம் வழியாகக் கிளட்ச் ஹவுசிங் சுற்றுகிறது, அதோடு பின்னியிருக்கும் பிரைமரி கியர் கிரேங்க் ஷாஃப்டைச் சுற்றுகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ராட்செட் நழுவி விட வேண்டும், ஸ்பிரிங் மிதியை மேலே கொண்டுவர வேண்டும். நழுவாவிட்டால் என்ன ஆகும்? இன்ஜினே நம் காலை உதைக்கும். இந்தக் கிக்கர் ஷாஃப்டின் உள் முனை கிரேங்க் கேஸில் ஒரு துளையில் உட்கார்ந்து சுழல வேண்டும். சில வண்டிகளில் கிக்கர் இல்லாத மாடலுக்கும் உள்ளவைக்கும் ஒரே வார்ப்புதான், துளையும் போட்டே வந்திருக்கும். அப்படியானால் கவரைக் கழற்றி, பாகங்களை மாட்டி, புது பேக்கிங், புது ஆயில் சீல் வைத்து ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

ஊருக்கு வந்து, ஆயில் இறக்கி, கவரைக் கழற்றிப் பார்த்தேன். என் வண்டியில் துளைக்கான இடம் வார்த்திருக்கிறது. துளை இல்லை! லேத் பட்டறை அண்ணன் "கொண்டா, போட்டுடலாம்" என்றார். அவருக்குத் தைரியம் ஜாஸ்தி. இரண்டு பல்சக்கரங்களின் மைய தூரம் கொஞ்சம் தப்பினாலும் என்ன ஆகும் என்று நாம் மெஷின் டிசைன் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம் அல்லவா? பல் இறுகினால் ஊளையிடும், தளர்ந்தால் உதைக்கும்போது முனை உடையும். உடைந்த துண்டு ஆயிலோடு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? சரியாகச் செய்ய வேண்டுமென்றால் இன்ஜினை இறக்கி, கேஸை இரண்டாகப் பிரித்து, மில்லிங் மெஷினில் ஏற்றித் துளையிட வேண்டும். அந்தக் கூலி ஆறாயிரத்தில் அடங்காது.

இதையெல்லாம் எங்கள் ஆட்டோமொபைல் லேப் இன்ஸ்ட்ரக்டரிடம் புலம்பினேன். அவர் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "அன்னிக்குக் காலையில கிக்கர் இருந்திருந்தா மட்டும் ஸ்டார்ட் ஆகியிருக்குமாடா?"

ஆகியிருக்கும் சார் என்றேன். எப்படித் தெரியும் என்றார். முழித்தேன்.

தோழர்களே, இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இன்ஜின் சுற்றினால் மட்டும் போதாது, பிளக்கில் பொறி வர வேண்டும். அந்தப் பொறிக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 1980, 90களில் நம் சாலைகளில் ஓடிய 100 சிசி வண்டிகளில் பலவற்றில் சிடிஐ-க்கு வேண்டிய மின்சாரம் மேக்னட் காயிலிலிருந்து நேராக வந்துவிடும். பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக்கூட உதைத்துக் கிளம்பலாம். மாமா வைத்திருக்கும் 1994 மாடல் வண்டி அந்த ஜாதி. ஹாரன் செத்துப் பல வருஷம் ஆகிறது, வண்டி மட்டும் ஒரே உதையில் கிளம்பும். ஆனால் பிறகு வந்த பல வண்டிகளில் சிடிஐ பேட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. அதில் பேட்டரி முழுசாகச் செத்திருந்தால் நீங்கள் உதைத்தாலும் பொறி வராது, ஊரே சேர்ந்து தள்ளினாலும் வராது.

என் வண்டி எந்த ஜாதி? இரண்டு பேர் இருந்தால் பார்த்துவிடலாம். பெட்ரோலை அடைத்தோம். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, பிளக் துளையை விட்டுத் தள்ளி இன்ஜின் இரும்பில் படும்படி வைத்தோம். சாவி போட்டு, மேல் கியரில் வண்டியைத் தள்ளினோம். பளிச்சென்று நீலப் பொறி! பிறகு மெயின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதே மாதிரி தள்ளினோம். ஒன்றுமே இல்லை. கும்மிருட்டு.

ஆக, அன்று காலை மீட்டர் விளக்கே அணைந்த பிறகு, என் வண்டியில் தங்கத்தில் கிக்கர் இருந்திருந்தாலும் பலன் இல்லை. முட்டி தேய விழுந்த அந்தத் தம்பி வீணாக விழுந்தான்.

பேட்டரி ஏன் செத்தது? அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். லேப் மல்டிமீட்டரை வைத்தேன். நல்ல பேட்டரி நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், சார்ஜ் ஏற்றிய பிறகும் என்னுடையது 12.1. இன்ஜினை ஓட்டி ஆக்சிலேட்டரை முறுக்கினால் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், எனக்கு 12.8 தாண்டவில்லை. அதாவது ஓடும்போது பேட்டரிக்குச் சாப்பாடு போகவில்லை. ரெக்டிஃபையர் கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூத்து, ஒரு முனை கருகியிருந்தது. புதுக் கப்ளர், வயர், கூலி எல்லாம் சேர்த்து முந்நூறுக்குள். பேட்டரி ஏற்கெனவே ஆயுசு முடிந்தது என்பதால் புதுசு வாங்கினேன். அம்மா கொடுத்ததில் நாலாயிரத்துச் சொச்சம் திரும்பப் போய்விட்டது.

"அப்போ கிக்கரே வேண்டாங்கிறியா?" என்று உடனே பாயாதீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பால் ஊற்றும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வண்டி 150 சிசி, கம்பெனியிலேயே கிக்கரோடு வந்தது. ராட்செட் தேய்ந்து நழுவ ஆரம்பித்ததும் பழைய ஓனர் ஷாஃப்டைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை அடைத்து விற்றிருக்கிறார். அண்ணன் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வீட்டுக்கு வீடு நிறுத்துவார், அணைப்பார், மறுபடி செல்ஃப் போடுவார். ஒரு காலையில் நாற்பது தடவையாவது இருக்கும். ஒவ்வொரு செல்ஃபும் பேட்டரியிலிருந்து பல பத்து ஆம்பியரை உறிஞ்சுகிறது, அதைத் திருப்பி நிரப்ப அடுத்த வீடு வரையான நூறு அடி தூரம் எப்படிப் போதும்? எந்தப் புது பேட்டரியும் அவரிடம் சோர்ந்துதான் போகும். சோர்ந்த பேட்டரிக்கும் செத்த பேட்டரிக்கும் வித்தியாசம் உண்டு. செல்ஃப் மோட்டாரைச் சுற்ற முடியாமல் "டிக்" சொல்லும் பேட்டரியில், சிடிஐ கேட்கும் அந்தக் கொஞ்ச மின்சாரம் மிச்சம் இருக்கும். அங்கே கிக்கர் தெய்வம்! அவர் வண்டியில் துளை இருக்கிறது, கவர் இருக்கிறது, தேய்ந்த பாகம் மட்டும் புதுசு போட வேண்டும். நானே கூட நின்று மாட்டிக் கொடுத்தேன்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு விற்கும் வண்டிகள் பெரும்பாலும் உங்கள் கட்சிதான். பெட்ரோல் பம்ப், இசியு, இன்ஜெக்டர் எல்லாமே மின்சாரம் கேட்கும். அந்த வண்டிகளில் வெளியிலிருந்து கிக்கர் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், சில பேருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. நம் பசங்களில் பாதிப் பேர் கிக்கர் கேட்பது பேட்டரிக்குப் பயந்து அல்ல, கெத்துக்கு. "செல்ஃப் போடுறது பொம்பளைங்க வேலை, உதைச்சு எடுக்கிறவன்தான் ரைடர்" என்று ஒரு சீனியர் சொன்னதைக் கேட்டுக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது வெட்கமாக இருக்கிறது. என் தாத்தா புல்லட் வைத்திருந்தார். திருவொற்றியூரில் செய்த வண்டி. டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, லீவரை விட்டு, அப்புறம்தான் உதைக்க வேண்டும். ஒரு நாள் டைமிங் முந்தியிருந்து திருப்பி அடித்ததில் கணுக்கால் போனது. கடைசி வரை சாய்ந்துதான் நடந்தார். அவரிடம் போய்ச் செல்ஃப் பொம்பளை வேலை என்று சொல்லியிருந்தால் கையில் இருக்கும் தடி பேசியிருக்கும். காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கை ஒடித்துக்கொண்ட காலம் போதும் என்றுதானே கெட்டரிங் என்ற என்ஜினியர் செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்தார், 1912 கேடிலாக் காரில் அது வந்தது! 1969-ல் ஹோண்டா சிபி 750-ல் செல்ஃபும் இருந்தது, கிக்கும் இருந்தது. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ல் கிக்கரே இல்லை, அதை யாரும் பொம்பளை வண்டி என்று சொல்லிக் கேட்டதில்லை. நம் வகுப்பில் தினமும் முப்பது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் வரும் தோழி ஒருவர், மாதம் ஒரு தடவை பேட்டரி டெர்மினலைத் துடைத்து கிரீஸ் தடவுகிறார். அவர் வண்டி நின்று நான் பார்த்ததில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் மூடியைக் கழற்றித் துளை இருக்கிறதா பாருங்கள், ஃபியூஸைப் பிடுங்கிப் பொறி வருகிறதா பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு லிட்டர் ஆயிலும்தான் செலவு. மல்டிமீட்டர் வேண்டுமென்றால் வியாழன் மதியம் ஆட்டோமொபைல் லேபுக்கு வாருங்கள், இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிறகும் "கிக்கர் வெச்சே தீருவேன்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: புதுப்பேட்டையில் நான் விலை பேசிவிட்டு வந்த அந்த செட் போன மாதம் வரை விற்கவில்லை. கடைக்காரர் இன்னும் எனக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார்.