தேர்விலே இல்லாத குடும்பம்

சாலிசிட்டர் என்றால் யார் என்று தோழர்கள் கேட்கக்கூடும். நம் நாட்டிலே 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வழக்கறிஞர் என்பது ஒரே இனம். இங்கிலாந்திலோ இரண்டு. வழக்குமன்றத்திலே எழுந்து நின்று வாதாடுவதைத் தொழிலாகக் கொண்டவர் பாரிஸ்டர். கட்சிக்காரனின் கண்ணீரையும் காகிதத்தையும் முதலில் கையிலே வாங்குபவர் சாலிசிட்டர். கணவன் அடித்தான் என்று ஓடிவருபவளும், பெற்ற பிள்ளையைக் காண விடமாட்டேனென்கிறாள் என்று புலம்பி வருபவனும், முதலில் தட்டும் கதவு அவருடையதுதான்.

அந்தக் கதவுக்குப் பின்னே அமரப்போகிறவருக்கு அங்கே என்ன பயிற்சி தருகிறார்கள்?

2021 செப்டம்பரிலே புதிய முறை வந்தது. முதற்கட்டத் தேர்விலே 360 கேள்விகள். இரண்டாம் கட்டத்திலே 16 செய்முறைச் சோதனைகள். இவற்றோடு 2 ஆண்டு வேலை அனுபவம். கேள்விகள் எவை பற்றி? கம்பெனி உண்டு, வரி உண்டு, வீடு வாங்குவது விற்பது உண்டு, உயில் உண்டு, டிரஸ்டு உண்டு. குடும்பச் சட்டம்? அது மட்டும் இல்லை! செத்தவன் சொத்தை யார் யாருக்குப் பங்கிடுவது என்று கேட்கிறார்கள். உயிரோடிருப்பவன் பிள்ளை யாரிடம் வளர்வது என்று கேட்கவில்லை. என்னே விந்தை!

எல்லாவற்றையும் ஒரு தேர்வுக்குள் திணிக்க முடியுமா, வேலை செய்து பழகட்டுமே என்பார்கள். அதிலே ஓரளவு நியாயம் உண்டு, மறுக்கமாட்டோம். இது கை பழகிக் கற்கவேண்டிய தொழில். வீட்டுக் கடன், ஓய்வூதியம், வங்கியிருப்பு அத்தனையையும் படிவத்திலே எழுத வைக்கும்போது, கணவன் மறைத்த கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்க வேண்டும். அடிபட்டவள் சொல்லத் தயங்குவதைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. தன் கட்சிக்காரருக்கே அதை எடுத்துச் சொல்லும் துணிவு வேண்டும். 2022 ஏப்ரல் முதல் மணவிலக்குக்கு ஒருவர்மீது ஒருவர் குற்றம் சுமத்தத் தேவையில்லை என்றாகிவிட்டது. நல்ல மாற்றம்! ஆனால் பிள்ளைச் சண்டையும் பணச் சண்டையும் அதனால் ஓய்ந்துவிடவில்லை.

பழகட்டும், சரி. எங்கே போய்ப் பழகுவது? 1949இலே, தொழிற்கட்சி ஆட்சியிலே, ஏழைக்கும் வழக்கறிஞர் கிடைக்கச் சட்ட உதவித் திட்டம் பிறந்தது. 2012இலே சட்டம் செய்து, 2013 ஏப்ரல் முதல் குடும்ப வழக்குகளில் பெரும்பாலானவற்றை அதிலிருந்து வெட்டி எறிந்தார்கள். வீட்டு வன்முறைக்குச் சான்று காட்டினால் உதவி உண்டு. நகரசபை பிள்ளையைப் பறிக்க வழக்குப் போட்டால் பெற்றோருக்கு உண்டு. மற்றவர்? தானே எழுது, தானே பேசு! மிஞ்சிய வேலைக்காவது கூலி ஏறியதா? 1996 முதல் ஏறாத கூலி. 2011இலே அதிலும் 10 விழுக்காடு வெட்டு. ஆலையிலே இப்படி நடந்தால் நாம் என்ன செய்வோம் என்பது தோழர்களுக்குத் தெரியும். கூலி கட்டாத அலுவலகம் புதிய பயிற்சியாளனுக்கு நாற்காலி போடுமா?

இந்தத் தொழிலின் வாசல் என்றைக்குமே எளிதாகத் திறந்ததில்லை. முன்னாளிலே குமாஸ்தாவாகப் பயிலப் பிள்ளைவீட்டார் பணம் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு உழைக்க வேண்டும். 1913இலே பெண்கள் வந்து கேட்டபோது, சட்டத்திலே கண்ட 'நபர்' என்ற சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்! 1919இலே சட்டம் திருந்தி, 1922இலே கேரி மாரிசன் என்ற பெண்மணி முதல் பெண் சாலிசிட்டரானார்.

இன்று தடை பாலிலே இல்லை, பையிலே இருக்கிறது. தேர்வுக் கட்டணம் மட்டும் 4,000 பவுனுக்கு மேல்; பயிற்சி வகுப்புச் செலவு வேறு. பட்டப்படிப்பில்லாமலே சம்பளத்தோடு பயிலும் தொழிற்பயிற்சி வழி 2016 முதல் உண்டு. தொழிலாளி மகனுக்கும் மகளுக்கும் ஏற்ற வழி அதுதான். அதற்கும் 2026 சனவரி முதல் கத்தரி: 22 வயதை எட்டிய பின் சேர்வோரில் பெரும்பாலோருக்கு அரசுப் பணம் இல்லை.

விளைவைப் பாருங்கள். அடித்தவனே அடிபட்டவளைக் கூண்டிலே ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் கொடுமையை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அவனுக்குப் பதிலாகக் கேட்க மன்றமே ஒரு வழக்கறிஞரை அமர்த்தலாம் என்றது. வரவேற்றோம். ஆனால் அந்தக் கூலிக்கு வருவோர் போதவில்லை. ஆள் கிடைக்காமல் விசாரணை தள்ளிப்போகிறது. அவள் இன்னொரு தேதிக்காகக் காத்திருக்கிறாள்.

தேர்வு நடத்துவோர் 360 கேள்விகளில் ஒரு பத்தையாவது குடும்பத்துக்கு ஒதுக்கட்டும். 1996இன் கூலியை அரசாங்கம் முதலில் திருத்தட்டும். தொழிற்பயிற்சிக்கு வைத்த வயது வரம்பை எடுக்கட்டும். ஆலையிலே பத்தாண்டு உழைத்துவிட்டுச் சட்டம் படிக்க வருகிறவனுக்கு 22 வயதா இருக்கும்?