ஊதியமில்லாக் காவல்

கொல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில் டயமண்ட் ஹார்பர் சாலையில் உள்ளது ஜோகா. இந்திய மேலாண்மைக் கழகத்தால் பெயர்பெற்ற ஊர். 2022 டிசம்பரில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. அங்கே விரதசாரி கிராமத்தில் இருக்கும் குருசதய் அருங்காட்சியகத்துக்கு 1984ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தந்துவந்த நிதியை மத்திய ஜவுளி அமைச்சகம் 2017இல் நிறுத்தியது. அதன் பிறகும் ஊழியர்கள் ஊதியமின்றி வந்து பொருள்களைக் காத்தார்கள். அர்ப்பணிப்பு என்று பாராட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் சம்பளத்தை நிறுத்தி ஒருவரைத் தொண்டராக்குவது கைகழுவல். அமைச்சகம் அந்த நிதியை மீண்டும் தர வேண்டும். மறுத்தால் மேற்கு வங்க அரசு பொறுப்பேற்க வேண்டும்.

சில்ஹெட்டில் பிறந்த குருசதய் தத் ஐ.சி.எஸ். அதிகாரி. பணிமாற்றத்தில் போன மாவட்டங்களிலெல்லாம் அவர் கண் கிராமத்து வீடுகளின் மீதே இருந்தது. பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த காந்தாக்கள், பட்டுவா ஓவியர்களின் படச்சுருள்கள், மண்பொம்மைகள், இனிப்பு வார்க்கும் அச்சுகள் என்று, படித்த வர்க்கம் பொருட்படுத்தாதவற்றைத் தேடிச் சேர்த்தார். 1941இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய விரதசாரி இயக்கத்தின் சங்கம் அவற்றைக் காத்து, 1960களில் அருங்காட்சியகமாக்கியது. மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தாவும் அங்கே இருக்கிறது. சிப்பாய்களையும் துரைமார்களையும் ஊசியால் வரைந்து, தன் பெயரையும் தைத்துவைத்திருக்கிறாள். அரசர்களின் கல்வெட்டுகளைப் படித்தே பழகிய நமக்கு, ஒரு சாதாரணப் பெண் விட்டுச்சென்ற இத்தகைய ஆவணம் எத்தனை கிடைக்கும்?

கல் சிலை பத்தாண்டு கவனிப்பாரின்றி நின்றாலும் தாங்கும். நைந்த பருத்தியும் தாளும் தாங்கா. வங்காளத்து மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். அவற்றைப் பிரித்துப் பார்த்து, உலர்த்தி, மடிப்பு மாற்றிவைக்கப் பயிற்சி பெற்ற கை ஆண்டு முழுவதும் வேண்டும். நக்‌ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துப் பெருமை கொண்டாடும் அரசு, அதன் பழைய மாதிரிகளைக் காக்கும் கைகளுக்குச் சம்பளம் தர யோசிப்பது விந்தை.

தனியார் சங்கத்தின் சொத்துக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆண்டுதோறும் தணிக்கை, முழுப் பொருட்பட்டியல், நிர்வாகக் குழுவில் அரசுப் பிரதிநிதி என்று நிபந்தனை விதிக்கட்டும். கணக்குக் கேட்பது அரசின் உரிமை. பணத்தை நிறுத்திவிட்டால் கணக்குக் கேட்கும் இடமும் போய்விடும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. கீழடியில் 18.42 கோடி ரூபாயில் அருங்காட்சியகம் எழுந்தது, மகிழ்ச்சி. ஆனால் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்கள், 1992இல் அவர் மறைந்தபின் சிதறாமல் தப்பியது சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால். அந்தச் சேகரிப்பு 1994இல் சென்னையில் நூலகமானது. எல்லாச் சேகரிப்புக்கும் சிகாகோ வராது. ஊர்க்காரர்கள் தாமாக நடத்தும் சிறு காட்சியகங்களுக்குக் கட்டட மானியத்தைவிட, ஒரு காப்பாளர், ஒரு காவலர் ஆகியோரின் மாதச் சம்பளமே முதல் தேவை. மாநில நிதிநிலை அறிக்கையில் அதற்கென ஒரு தனித் தலைப்பை அரசு இந்த ஆண்டே திறக்கலாம்.