ஓரம் ஒதுங்கும் இலத்திரன்கள்

உலையிலிருந்து பொங்கி வழியும் உப்பு நீர் வாயு அடுப்பின் நீலச் சுவாலையிற் பட்டதும், அது ஒரு கணம் மஞ்சள் நிறங் கொள்வதை இல்லத்தரசியர் நன்கறிவர். அம்மஞ்சள் உப்பிலுள்ள சோடியத்தின் ஒளி. நிறமாலைமானியினூடாக அதனை நோக்கினால், நெருங்கி நிற்கும் இரு கோடுகள் தெரியும். ஒன்றின் அலைநீளம் 589.0 நனோமீற்றர், மற்றையதினது 589.6. ஏன் இந்தச் சிறு பிளவு?

1925ஆம் ஆண்டில் ஊலன்பெக், கௌட்சிமிற் என்னும் ஒல்லாந்து இளைஞர் இருவர் இலத்திரனுக்குச் சுழற்சி உண்டென்றனர். பம்பரம்போற் சுழல்வதாக எண்ணுவது வசதிக்காகவே; உண்மையில் இலத்திரன் ஒரு நுண்ணிய காந்தம் என்பதே இங்கு வேண்டப்படுவது. புகையிரதத்திற் செல்வோருக்கு மரங்கள் பின்னே ஓடுவதுபோல, கருவைச் சுற்றும் இலத்திரனுக்குக் கருவே தன்னைச் சுற்றுவதாகத் தோன்றும். ஏற்றமுடைய பொருள் ஓடினால் அது மின்னோட்டம்; மின்னோட்டம் உள்ள இடத்திற் காந்தமண்டலம் உண்டு. அம்மண்டலத்தில் இலத்திரக் காந்தம் எத்திசை நோக்கி நிற்கின்றது என்பதற்கேற்ப அதன் சத்தி சிறிது மாறும். சுழற்சியும் சுற்றுப்பாதையும் இவ்வாறு பிணைந்திருத்தலே அவ்விரு கோடுகளுக்குங் காரணம்.

இதே பிணைப்பு குறைகடத்திகளிலும் உண்டு. 1971இல் லெனின்கிராட்டில் டியாக்கொனோவ், பெரெல் ஆகிய இருவர் ஒன்றை முன்னறிந்து கூறினர். குறைகடத்தியில் மின்னோட்டம் செல்லும்போது கலப்பணுக்களில் மோதிச் சிதறும் இலத்திரன்களுள், மேனோக்கிய சுழற்சியுடையன ஓர் ஓரத்தையும், கீழ்நோக்கியன மறு ஓரத்தையும் நாடும் என்பதே அது. ஆயின் இரு ஓரங்களிலும் இலத்திரன் தொகை சமமாதலால் வோல்ற்றுமானி எதனையுங் காட்டாது. அதனை எங்ஙனம் காண்பது?

முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன. 2004இல் கலிபோர்ணியாவின் சாந்தா பார்பராவில் அவ்சலொம் குழுவினர், கல்லியமும் ஆசனிக்கும் சேர்ந்த மெல்லிய தகட்டினைக் கடுமையாகக் குளிரவைத்து, அதன்மேல் முனைவாக்கிய ஒளியைப் பாய்ச்சினர். தெறித்து வந்த ஒளியின் தளம் ஓர் ஓரத்தில் ஒருபுறமும், மறு ஓரத்தில் எதிர்ப்புறமுமாக மிகச் சிறிதளவு திரும்பியிருந்தது. மானிக்குப் புலப்படாதது ஒளிக்குப் புலப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் கேம்பிரிட்ஜிலும் வேறொரு குழு வேறொரு வழியாலே இதனைக் கண்டது.

இனி இதனாற் பயன் யாதெனின், அங்கேதான் சிக்கல். 1990இல் தத்தா, தாஸ் ஆகிய இருவர், மின்னழுத்தத்தால் இப்பிணைப்பின் வலிமையை மாற்றி இலத்திரனின் சுழற்சியைத் திருப்பும் ஒரு திரான்சிற்றரை வரைந்து காட்டினர். ஆயினும் சுழற்சியைத் திருப்பும் அதே பிணைப்பே அதனைக் கலைத்தும் விடுகின்றது. மோதுந்தோறும் இலத்திரன் செல்லும் திசை மாற, அது உணரும் மண்டலமும் மாறும். சிறிது தூரம் செல்வதற்குள் தான் புறப்பட்ட நிலையை அது மறந்துபோகும். பிணைப்பு வலிதானால் மறதியும் பெரும்பாலும் விரைவாகும். இம்மறதியின் கணக்கையும் அந்த லெனின்கிராட் அறிஞர் இருவருமே எழுதிவைத்தனர் என்பது வியப்புக்குரியது.

2009இல் கொரிய ஆய்வாளர் இந்தியம் ஆசனிக்குப் படையொன்றில் தத்தா, தாஸ் கூறிய திருப்பத்தைக் காட்டினர். அதுவும் மிகக் கடுங்குளிரிலேயே. நம் கைத்தொலைபேசியிற் கணிப்புச் செய்யும் திரான்சிற்றர்கள் இன்றும் ஏற்றத்தைக் கொண்டே இயங்குகின்றன. சாதாரண வெப்பநிலையிலும் சுழற்சியை மறவாத இலத்திரனைத் தேடி ஆய்வுகூடங்கள் புதுப்புதுப் படைகளை வளர்த்து வருகின்றன.