ஒரே டெல்லி, எத்தனை அரசுகள்? வெள்ளமோ குப்பையோ வந்தால் யாரைக் கேட்பது?

2023 ஜூலை 13. டெல்லியில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-ல் பதிவான 207.49 மீட்டர்தான் அதுவரை உச்சம். 45 ஆண்டு சாதனை உடைந்தது. ஐ.டி.ஓ. சந்திப்பு, செங்கோட்டைச் சுற்றுப்புறம் எல்லாம் தண்ணீர். வெள்ளத்துக்கு நடுவே ஒரு செய்தி வந்தது: ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்கவில்லை, சேறு அடைத்துக்கொண்டிருக்கிறது.

நகரின் நட்டநடுவில் இருக்கும் அணை. அப்படின்னா டெல்லி அரசுதானே திறக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். இல்லை. அந்த அணையைப் பராமரித்து வந்தது ஹரியாணா அரசின் நீர்ப்பாசனத் துறை.

டெல்லி நகரப் பகுதிக்குள் யமுனை ஓடும் தூரம் சுமார் 22 கிலோமீட்டர்தான். அதற்குள் மூன்று தடுப்பணைகள். வடக்கே வஜீராபாத் அணை டெல்லியின் கையில். நடுவில் ஐ.டி.ஓ. அணை அப்போது ஹரியாணாவின் கையில் இருந்தது. தெற்கே ஓக்லா அணை உத்தரப் பிரதேசத்தின் கையில். 1874-ல் திறக்கப்பட்ட ஆக்ரா கால்வாய் ஓக்லாவிலிருந்து புறப்படுகிறது. அந்த உரிமை இன்றும் தொடர்கிறது. ஆறு ஒன்று, நகரம் ஒன்று, அரசுகள் மூன்று.

இது ஏதோ ஒரு விதிவிலக்கு இல்லை. டெல்லி வட்டாரம் முழுக்க இப்படித்தான் ஆளப்படுகிறது. உங்கள் சொந்தக்காரரோ பிள்ளையோ வேலைக்காக அங்கே போகிறார் என்றால், அல்லது நீங்களே அங்கே குடியிருக்கிறீர்கள் என்றால், இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

'டெல்லி' என்று எதைச் சொல்கிறோம்?

பேச்சுவழக்கில் எல்லாமே டெல்லிதான். வரைபடத்தில் அது மூன்று வட்டங்கள்.

உள்வட்டம் புதுடெல்லி. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், தூதரகங்கள் இருக்கும் சுமார் 43 சதுர கிலோமீட்டர்.

நடுவட்டம் டெல்லி தேசியத் தலைநகர்ப் பிரதேசம். பரப்பு 1,483 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1.68 கோடி. தனிச் சட்டமன்றம், முதல்வர் எல்லாம் உண்டு. ஆனால் முழு மாநிலம் இல்லை.

வெளிவட்டம்தான் என்.சி.ஆர். எனப்படும் தேசியத் தலைநகர் வட்டாரம். 1985-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தது. டெல்லியோடு ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாநிலங்களின் பல மாவட்டங்களும் சேர்ந்து மொத்தம் 55,083 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். குருகிராம், ஃபரீதாபாத், நொய்டா, காஜியாபாத், மீரட் எல்லாம் இதற்குள் வருகின்றன.

காலையில் காஜியாபாத்தில் கிளம்பி டெல்லியைக் கடந்து குருகிராமில் வேலை பார்ப்பவர் ஒரே நாளில் மூன்று அரசுகளின் எல்லைக்குள் போய் வருகிறார். அவருக்கு அது ஒரே ஊர். ஆனால் ஓட்டு ஒரு இடத்தில்தான்.

டெல்லிக்குள்ளேயே மூன்று உள்ளாட்சிகள்

நடுவட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கேயே உள்ளாட்சி மூன்று.

பெரும்பகுதி, அதாவது சுமார் 1,397 சதுர கிலோமீட்டர், டெல்லி மாநகராட்சியின் கீழ். இங்கே 250 வார்டுகள். மக்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

புதுடெல்லிப் பகுதி, என்.டி.எம்.சி. எனப்படும் புதுடெல்லி நகராட்சி மன்றத்தின் கீழ். இதன் தலைவர் மத்திய அரசு நியமிக்கும் அதிகாரி. தொகுதி எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் மன்றத்தில் உறுப்பினர்கள். ஆனால் வார்டு தேர்தல் கிடையாது. நாட்டிலேயே பளிச்சென்று இருக்கும் சாலைகள் இங்கேதான். அங்கே குடியிருப்பவருக்கு கவுன்சிலர் இல்லை.

மூன்றாவது, ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் இந்த வாரியத்துக்கு ராணுவ அதிகாரிதான் தலைவர்.

ஓட்டுப் போட்டால் மட்டும் போதுமா?

சரி, மாநகராட்சிப் பகுதியில் இருப்பவருக்கு ஓட்டு இருக்கிறதே, அவர் பாடு பரவாயில்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

இந்த மாநகராட்சி 1958-ல் தொடங்கியது. 2012-ல் வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாக உடைத்தார்கள். வருமானம் தெற்கில், செலவு எல்லா இடத்திலும் என்றானது. கிழக்கிலும் வடக்கிலும் துப்புரவுத் தொழிலாளர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்வது வாடிக்கையானது. 2022 மே மாதம் மூன்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். அதற்காகத் திருத்தப்பட்ட சட்டத்தில், முன்பு டெல்லி அரசுக்கு இருந்த பல அதிகாரங்கள் மத்திய அரசின் கைக்குப் போயின.

2022 டிசம்பர் 4 அன்று தேர்தல் நடந்தது. ஆம் ஆத்மி 134, பாஜக 104, காங்கிரஸ் 9. பெரும்பான்மை தெளிவாக இருந்தது. ஆனால் மேயரைத் தேர்ந்தெடுக்க 2023 பிப்ரவரி 22 வரை ஆனது. துணைநிலை ஆளுநர் நியமித்த 10 உறுப்பினர்களுக்கு மேயர் தேர்தலில் ஓட்டு உண்டா என்ற சண்டை. உச்ச நீதிமன்றம் 'கிடையாது' என்று சொன்ன பிறகுதான் தேர்தல் நடந்தது. அந்த 10 பேரை நியமிப்பது யார் என்ற இன்னொரு வழக்கு 2024 ஆகஸ்ட் வரை இழுத்தது. டெல்லி அமைச்சரவையைக் கேட்காமலே துணைநிலை ஆளுநர் நியமிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

இடையில் என்ன ஆனது தெரியுமா? மாநகராட்சியின் பணப்பெட்டிச் சாவி மாதிரி இருப்பது நிலைக்குழு. ரூ.5 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு அதன் ஒப்புதல் வேண்டும். அந்தக் குழு முழுமையாக அமைந்தது 2025 ஜூனில்தான். அதாவது, மக்கள் ஓட்டுப் போட்டு இரண்டரை ஆண்டு கழித்து.

மேயர் பதவிக்காலம் ஒரு வருடம்தான். அன்றாட நிர்வாகம் ஆணையர் கையில். அவரை நியமிப்பது மத்திய அரசு. நிலமும் காவல்துறையும் டெல்லி அரசிடமும் இல்லை. அரசியல் சட்டத்தின் 239ஏஏ பிரிவு அவற்றை மத்திய அரசிடம் வைத்திருக்கிறது. நகரத் திட்டமும் வீட்டுவசதியும் பார்க்கும் டி.டி.ஏ.வுக்குத் தலைவர் துணைநிலை ஆளுநர்.

தெரு அகலம் மாறினால் துறை மாறும்

உங்கள் வீட்டு வாசலில் மழைநீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் புகார் செய்வீர்கள்?

முதலில் சாலையின் அகலம் என்ன என்று பாருங்கள். 60 அடியும் அதற்கு மேலும் என்றால் பொதுவாக டெல்லி அரசின் பொதுப்பணித் துறை. அதற்குக் குறைவு என்றால் மாநகராட்சி. தேங்குவது சாக்கடைத் தண்ணீர் என்றால் டெல்லி குடிநீர் வாரியம். பெரிய கால்வாயே நிரம்பி வழிந்தால் நீர்ப்பாசன, வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை. தேசிய நெடுஞ்சாலை என்றால் அதற்கு வேறு ஆணையம். தண்ணீருக்கு இந்தப் பட்டியல் தெரியாது. அது சின்னத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கும், அங்கிருந்து கால்வாய்க்கும் போகும்.

2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைநீர் புகுந்தது. வாகனம் நிறுத்தவும் பொருள் வைக்கவும் மட்டுமே அனுமதி இருந்த அந்த அடித்தளம் நூலகமாக இயங்கியது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் மூழ்கி இறந்தார்கள். வழக்கை சிபிஐ-க்கு மாற்றிய டெல்லி உயர் நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. டெல்லியின் நிர்வாக, நிதி, கட்டமைப்பு முறையையே மறுபடி பார்க்க வேண்டும் என்று தலைமைச் செயலர் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம்: நொய்டாவில் கவுன்சிலரே இல்லை

டெல்லியிலிருந்து யமுனையைத் தாண்டினால் நொய்டா. 2011 கணக்குப்படியே 6 லட்சத்துக்கு மேல் மக்கள். ஐ.டி. நிறுவனங்கள், வானுயர்ந்த அடுக்குமாடிகள். ஆனால் மாநகராட்சி இல்லை. மேயர் இல்லை. வார்டு இல்லை.

எப்படி? 1976-ல் தொழில் நகரமாகத் தொடங்கியது நொய்டா. அந்த எழுத்துகளின் விரிவே 'நியூ ஓக்லா தொழில் மேம்பாட்டு ஆணையம்' என்பதுதான். ஊர்ப் பெயரும் அலுவலகப் பெயரும் ஒன்று. 1992-ன் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி வேண்டும் என்றது. ஆனால் 243க்யூ பிரிவில் ஒரு வாசல் திறந்து வைத்தது: தொழில் நகரம் என்று ஆளுநர் அறிவித்தால் நகராட்சி தேவையில்லை. நொய்டா அந்த வாசல் வழியாகத்தான் போகிறது.

அதனால் இங்கே நிலத்தை எடுப்பது, திட்டம் போடுவது, 90 ஆண்டு குத்தகைக்கு விற்பது, கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது, குப்பை அள்ளுவது எல்லாம் ஒரே ஆணையம். தலைமை அதிகாரி மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நிலம் விற்பவரும் அவரே, புகார் கேட்பவரும் அவரே.

2022 ஆகஸ்ட் 28 அன்று நொய்டாவில் வெடிவைத்துத் தகர்த்த இரட்டைக் கோபுரம் நினைவிருக்கும். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் பல ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்கி வென்ற வழக்கு அது. கட்டுமான நிறுவனத்தோடு ஆணைய அதிகாரிகள் கைகோத்திருந்தார்கள் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கவுன்சிலர் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மக்களுக்குத் தேர்தலில் தண்டிக்க ஒரு ஆள்கூட உள்ளூரில் இல்லை. நீதிமன்றம்தான் மிச்சம்.

மேற்கே குருகிராம் கதை வேறு. 1975-ம் ஆண்டு ஹரியாணா சட்டத்தின் துணையோடு தனியார் நிறுவனங்கள் முதலில் நகரத்தைக் கட்டின. மாநகராட்சி வந்தது 2008-ல்தான். முதல் தேர்தல் 2011-ல். இரண்டாவது மன்றத்தின் காலம் 2022 நவம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மார்ச்சில் நடந்தது. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் அதிகாரிகள் ஆட்சி. பிரதான சாலைகளும் பெரிய வடிகால்களும் 2017-ல் அமைந்த இன்னொரு பெருநகர ஆணையத்திடம் இருக்கின்றன. அதற்குத் தலைவர் மாநில முதல்வர்.

குருகிராமின் மழைநீர் பாத்ஷாபூர் வடிகால் வழியாக டெல்லியின் நஜஃப்கர் கால்வாயில் சேர்ந்து, வஜீராபாத் அருகே யமுனையில் கலக்கிறது. அங்கே எடுக்கும் முடிவின் விளைவு இங்கே வந்து சேரும். முடிவெடுத்தவரை மாற்ற இங்கே உள்ளவருக்கு வழியில்லை.

வட்டாரம் முழுவதையும் பார்க்க யாருமே இல்லையா?

இருக்கிறார்கள். 1985 சட்டத்தின்படி என்.சி.ஆர். திட்ட வாரியம் உண்டு. அது திட்டம் தீட்டலாம். நிலம் மாநிலங்களின் கையில் இருப்பதால், நிறைவேற்றுவது அவரவர் விருப்பம். புகைமூட்டம் நான்கு மாநிலங்களையும் மூடத் தொடங்கிய பிறகு, காற்றுத்தர மேலாண்மை ஆணையம் 2020-ல் அவசரச் சட்டத்தாலும் 2021-ல் முழுச் சட்டத்தாலும் வந்தது. பள்ளியை மூடு, கட்டுமானத்தை நிறுத்து, லாரியைத் தடு என்று உத்தரவிடும் வலுவான அமைப்பு. ஆனால் நியமனம் பெற்றவர்களின் அமைப்பு.

உருப்படியாக நடந்த ஒரு காரியமும் உண்டு. டெல்லிக்கும் மீரட்டுக்கும் இடையே 82 கிலோமீட்டர் விரைவு ரயில், 'நமோ பாரத்'. அதை நடத்தும் நிறுவனத்தில் மத்திய அரசுக்கு 50 சதவீதம், டெல்லி, ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் நான்குக்கும் தலா 12.5 சதவீதம். முதல் பகுதி 2023 அக்டோபரில் ஓடியது. பணமும் பொறுப்பும் எழுத்தில் பங்கு பிரிக்கப்பட்டால் மாநில எல்லையைத் தாண்ட முடியும் என்பதற்கு இது சாட்சி.

அப்போ என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே அரசின் கீழ் கொண்டுவந்துவிடலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். மூன்று மாநிலங்கள் தங்கள் பணக்கார மாவட்டங்களை விட்டுத்தர மாட்டா. மாநகராட்சியை உடைத்ததும் ஒட்டியதும் சிக்கலைத் தீர்க்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டோம்.

செய்யக்கூடியவை வேறு. ஒரு வடிகாலுக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பொறுப்பாளர். உள்ளாட்சித் தேர்தல் உரிய நாளில். நொய்டா அளவுக்கு வளர்ந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம். மேயருக்கு ஓராண்டு அல்ல, முழுப் பதவிக்காலம். ஆறு, காற்று, கழிவு போன்றவற்றுக்கு ரயில் நிறுவனம் போலப் பங்குபோட்ட கூட்டமைப்பு. இவற்றில் பலவற்றுக்கு அரசியல் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

அடுத்த முறை டெல்லியில் வெள்ளம் என்ற செய்தி வரும்போது, ஒரு அரசு இன்னொரு அரசைக் கைகாட்டுவதைப் பார்ப்பீர்கள். அப்போது 'யார் பொறுப்பு' என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: அந்தப் பொறுப்பாளர் வேலை செய்யவில்லை என்றால், அங்கே குடியிருப்பவரால் ஓட்டுப் போட்டு அவரை மாற்ற முடியுமா? டெல்லி வட்டாரத்தின் பெரும்பாலான தெருக்களில் இதற்குப் பதில் இன்னும் 'முடியாது' என்பதுதான்.